எலிக்கும் பல் இருக்கிறது

பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை. மருத்துவமனைக் கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருபது வயது நிரம்பாத பையன் ஒருவன், வாய் கட்டிய தலையணை உறை ஒன்றை ஜாக்கெட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றான். இங்கிலாந்தில் பாம்பு வளர்ப்பவர்கள் பலரும் பாம்பை இப்படித்தான் தூக்கி வருவார்கள். துணி உறைக்குள் அதற்கு மூச்சு முட்டாது, ஆளின் உடம்புச் சூடும் கிடைக்கும். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழிலேயே பேசினான். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ராத்திரி எலியைப் போட்டனான் அக்கா. விடியப் பாத்தா இப்பிடிக் கிடக்கு."

மேசைமேல் உறையை அவிழ்த்தேன். ராயல் பைதான், மூன்றரை அடி இருக்கும். அமெரிக்காவில் இதையே பால் பைதான் என்பார்கள். பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் வந்த பெயர். அப்போதும் அது சுருண்டுதான் கிடந்தது. முதுகின் நடுவே என் உள்ளங்கை நீளத்துக்குத் தோல் இல்லை. செதில் போய், தோல் போய், அடியிலிருந்த தசையும் போய், இரண்டு இடத்தில் விலா எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. காயத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இல்லை. தேங்காய்ச் சில்லை எலி கொறித்து வைத்திருக்குமே, அதே மாதிரி சின்னச் சின்னப் பிறைகளாக இருந்தது.

"எலி எங்கே?" என்று கேட்டேன்.

"அது உயிரோடதான் இருக்கு. பெட்டிக்குள்ளயே விட்டிட்டு வந்திட்டன்."

நான் ஒன்பது வருடமாக ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இப்படி ஒரு காயத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் கொண்டு வருகிறவர் நல்லவராகவே இருக்கிறார். தன் பாம்புமேல் பிரியம் உள்ளவர். அந்தப் பிரியத்தோடுதான் எலியை உயிரோடு போட்டிருக்கிறார். பாம்பு வேட்டையாடிப் பிறந்த ஜீவன், உயிருள்ள இரைதான் அதற்கு இயற்கை, செத்த எலியைப் போட்டால் அது தின்னாது, தின்றாலும் மந்தமாகிவிடும் என்று யாரோ பெரிய அனுபவசாலி அவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனுக்கும் சொல்லியிருந்தார்கள். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, அது பாம்பைக் கொல்கிறது. எலியையும் வதைத்துத்தான் சாகடிக்கிறது.

பாம்பு ஏன் திருப்பிக் கடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்டிக்குள் நடப்பதை அதன் இடத்திலிருந்து பாருங்கள். பசியில்லாத பாம்பு எலியை இரையாகவே எண்ணுவதில்லை. தோலுரிக்கப் போகிற பாம்புக்குக் கண் மங்கலாக இருக்கும், யாரும் தொடக்கூடாது என்று ஒதுங்கிக் கிடக்கும். பெட்டி குளிர்ந்திருந்தால் அதற்கு அசையவே வலு இருக்காது. எலிக்கோ இரவுதான் பகல். புதிய இடம், தண்ணீர் இல்லை, தீனி இல்லை, ஒளிய இடமில்லை, மூலையில் பாம்பு வாசனை. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களை உடைய பிராணி அது. கொறிப்பது அதற்கு மூச்சு விடுவதுபோல. முதலில் பயத்தில் கடிக்கும், அப்புறம் பசியில் கடிக்கும். பாம்பு தனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பைச் செய்யும். பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் புல்வெளியில் அந்தப் பந்து அதன் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் அது முதுகை எலியின் பல்லுக்கு விரித்துக் கொடுப்பதாக முடிகிறது. விடியும்வரை.

பசியோடு இருக்கிற பாம்புக்கும் ஆபத்து உண்டு. எலியின் தலையைச் சரியாகக் கவ்விச் சுற்றி இறுக்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். போவா பாம்பு இறுக்கும்போது எலி மூச்சுத் திணறிச் சாவதைவிட இரத்த ஓட்டம் நின்றுதான் சாகிறது என்று அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபாக் குழுவினர் 2015இல் அளந்து காட்டினார்கள். இறுக்கிய சில நொடிகளிலேயே இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. ஆனால் பாம்பின் வாய் எப்போதும் தலையில் விழுவதில்லை. இடுப்பில் கவ்வினால் எலியின் தலையும் முன்கால்களும் வெளியே இருக்கும். எதிரே இருப்பது பாம்பின் கண், உதடு, தாடை. பைதானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன, இருட்டில் அவையும் அதற்குக் கண்போல. கண்ணே போய் வந்த பாம்பையும் நான் பார்த்திருக்கிறேன். அதை வளர்த்த பெண்மணி பெட்டிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்துக்கொண்டேதான் இருந்தாராம். கையை உள்ளே விடுவதற்குள் முடிந்துவிட்டது.

இயற்கை என்ற சொல்லை ஒரு தடவை கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ராயல் பைதானின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் எலி வளைகளுக்குள்ளும் கரையான் புற்றுகளுக்குள்ளும் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். நைஜீரியாவில் இவற்றின் இரையை ஆராய்ந்து 1998இல் லூயிசெல்லியும் ஆஞ்செலிச்சியும் எழுதியதைப் பார்த்தால், சின்ன ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளையே பெரிதும் தின்றிருக்கின்றன. பெரிய பெண் பாம்புகள் பாலூட்டிகளைத் தின்றிருக்கின்றன. அவற்றில் எதுவும் வெள்ளை எலி அல்ல. வெள்ளை எலியின் பூர்வீகம் ஆய்வுக்கூடம். விஸ்டார் என்ற பெயரில் உலகெங்கும் போன எலி வம்சம் 1906இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உருவாக்கப்பட்டது. ஆப்பிரிக்கப் பாம்பு, அமெரிக்க ஆய்வுக்கூட எலி, பிளாஸ்டிக் தண்ணீர்க் கிண்ணம், சுவரில் செருகிய வெப்பப் பாய், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். இவ்வளவையும் ஏற்றுக்கொண்டவர்கள், எலி துடிக்கிறதா என்ற ஒன்றில் மட்டும் இயற்கையைக் கேட்கிறார்கள்.

காட்டில் எலிக்கு ஓட வழி இருக்கிறது. பாம்புக்கும் இருக்கிறது. வேண்டாம் என்றால் பாம்பு வளைக்குள் நழுவிவிடும், எலி புதருக்குள் பாய்ந்துவிடும். இருவரும் தப்பிக்க முடிவதுதான் அந்த வேட்டையின் நியாயம். மூன்றடிப் பெட்டியில் அந்த நியாயம் இல்லை. இரண்டு பிராணிகளை ஓட முடியாத இடத்தில் சேர்த்துப் பூட்டுகிறோம். அதுவும் போக, காட்டுப் பாம்புகள் காயமே படாமல் வாழ்கின்றன என்று யார் சொன்னது? அங்கேயும் இரை திருப்பிக் கடிக்கும், கடிபட்டது சீழ்பிடித்துச் சாகும். சாவதைப் பார்க்க நாம் அங்கே இல்லை. காட்டில் வரும் துன்பத்தையெல்லாம் நம் பொறுப்பில் இருக்கிற பிராணிக்கும் கொடுக்க வேண்டும் என்றால் உண்ணி, குடற்புழு, பருந்து எல்லாவற்றையும் அல்லவா கொண்டுவர வேண்டும்?

அடுத்து, செத்ததைத் தின்னாது என்ற பேச்சு. நம் ஊரில் பாம்பு பால் குடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பாம்பு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதைப் பாம்பிடம் கேட்காமலே முடிவுகட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது. பாம்புகள் செத்த பிராணிகளைத் தின்றதாக அங்கங்கே எழுதப்பட்ட பதிவுகளைத் தேடித் தொகுத்து டிவால்ட், குரோக்மல் என்ற இருவர் 2002இல் ஹெர்பட்டாலஜிகா இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நினைத்ததைவிட இது சாதாரணமாக நடக்கிற காரியம் என்பது அவர்கள் கண்டது. பாம்பு முதலில் நாக்கால் அறிகிறது. நாக்கை நீட்டி எடுக்கும் வாசனைத் துகளை மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு படிக்கிறது. பைதானுக்கும் போவா வகைகள் பலவற்றுக்கும் இதோடு வெப்பக் குழிகள். வாசனையும் சூடும் சின்ன அசைவும் சேர்ந்தால் பாம்புக்கு அது இரை. இந்த மூன்றையும் செத்த எலியிலேயே கொடுத்துவிடலாம்.

இதற்கு நான் கண்ட மிக அழகான சான்று மேலே சொன்ன அதே ஸ்காட் போபாக்கின் இன்னொரு ஆய்வு, 2012இல் வெளிவந்தது. போவா பாம்புகள் எலியின் நெஞ்சுத் துடிப்பை உணர்ந்து, அது நிற்கும்வரைதான் இறுக்குகின்றன என்று அதில் கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? செத்த எலிகளை எடுத்து, சூடாக்கி, உள்ளே துடிக்கிற செயற்கை இதயம் ஒன்றை வைத்துப் பாம்புக்குக் கொடுத்தார்கள். பாம்புகள் பாய்ந்து கவ்வின, சுற்றின, இறுக்கின. செயற்கை இதயம் துடிக்காத எலியையும் அப்படியே இறுக்கின, சீக்கிரம் விட்டுவிட்டன என்பதுதான் வித்தியாசம். வாழ்நாளில் உயிருள்ள இரையைக் கொன்றே பார்க்காத, கூண்டில் பிறந்த பாம்புகளுக்கும் அந்தத் துடிப்பை உணரத் தெரிந்திருந்தது. வேட்டைப் புத்தி மழுங்கிவிடும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு தடவையும் பழகாததே மழுங்காமல் உள்ளே இருக்கிறதே, வாரம் ஒருமுறை செத்த எலியைக் கவ்வி இறுக்குகிற பாம்புக்கு எது மழுங்கப் போகிறது?

என் பாம்பு மட்டும் தின்ன மாட்டேன் என்கிறதே என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எலியை எப்படிக் கொடுத்தீர்கள்? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மேலே பஞ்சுபோல இளகி நடுவில் இன்னும் கல்லாக இருக்கிற எலியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அது பாம்புக்குக் கூழாங்கல். நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, சமையல் சாமான் எதுவும் படாதபடி மூடிய டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் சாயங்காலம் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கட்டி தட்டுப்படக் கூடாது. பிறகு தண்ணீர் புகாத பையில் போட்டு, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம். கொதிநீர் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஓரிடம் ஆறியும் ஓரிடம் வெந்தும் போகும், வயிறு வெடிக்கும், வெந்த இறைச்சி பாம்புக்கு ஆகாது. எடுத்துத் துடைத்து, தலையை மட்டும் இன்னொரு நிமிடம் சூடு காட்டுவேன். உயிருள்ள எலியின் உடம்புச் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், தலை அந்தச் சூட்டுக்கு வந்தால் போதும்.

நீளமான இடுக்கியால் தோள்பட்டையில் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேரே நீட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி, மெதுவாக நகர்த்துங்கள். விரலால் நீட்டவே கூடாது. பாம்புக்கு உங்கள் விரலும் சூடானதுதான். நாக்கு வேகமாக வெளியே வந்து வந்து போகும். கழுத்து மெல்ல எஸ் எழுத்தாக வளையும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதவைச் சாத்தக் கூடாது என்று இருக்கும் எனக்கு. பாய்கிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று இடுக்கி கனக்கும், எலி ஒரு சுருளுக்குள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். இடுக்கியை விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். பிறகு நாக்கால் தடவித் தடவித் தலை எந்தப் பக்கம் என்று தேடிக் கண்டுபிடித்து, தலையிலிருந்து விழுங்கத் தொடங்கும். அந்தப் பாம்புக்கு வேட்டை கிடைக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரையின் பருமன் பாம்பு உடம்பின் மிகத் தடித்த பகுதியைத் தாண்டக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் பழைய கணக்கு, இன்றும் சரிதான். கண் திறக்காத ரோமமில்லாத குட்டியைப் பிங்கி என்பார்கள், பூனைமயிர் முளைத்ததை ஃபஸ்ஸி என்பார்கள், குஞ்சுப் பாம்புக்கு அவை. தின்ற பிறகு இரண்டு நாளாவது பாம்பைக் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். அப்படியும் தின்னவில்லை என்றால் எலியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்கிறதா? ஒளிந்துகொள்ள இறுக்கமான இடம் இருக்கிறதா? குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுகிறார்களா? ராயல் பைதான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், உடம்பு இளைக்காதவரை அது நோயல்ல. அந்த மாதங்களில்தான் வளர்ப்பவர் பதறிப் போகிறார். பதற்றத்தில் யாராவது உயிர் எலியைப் போட்டுப் பார் என்கிறார்கள், பாம்பு அன்று தின்றுவிடுகிறது. தின்ன வேண்டிய நாள் வந்து தின்றதா, எலி துடித்ததால் தின்றதா என்று யாரும் கேட்பதில்லை. நம்பிக்கைக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

உறைய வைத்தால் சத்து குறைந்துவிடும் என்ற வாதத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. எலும்பு, ஈரல், இரத்தம், குடல் எல்லாமே முழு எலிக்குள் அப்படியே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஃப்ரீசரில் போட்டு வைக்காமல் ஆறு மாதத்துக்குள் கொடுத்து முடித்தால் போதும்.

நோய் வரும் என்ற வாதத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பல சாகும், சால்மொனெல்லா கிருமி சாகாது. பிரிட்டனில் பாம்புத் தீனியாக விற்ற உறைந்த எலிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா, 2015 தொடங்கிச் சில ஆண்டுகளில் 850 பேருக்கு மேல் தொற்றியது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் நிறைய. லிதுவேனியாவிலிருந்து வந்த எலிகள்தான் காரணம் என்று கண்டு 2022இல் அந்த இறக்குமதியை நிறுத்தினார்கள். ஆகவே எலியை இளக்கிய பாத்திரத்தில் சோறு வைக்காதீர்கள், சமையலறை மேடையில் வைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். உயிர் எலியைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதே சால்மொனெல்லா உயிர் எலியிடமும் இருக்கும், கூடவே கடியும் கீறலும். வளர்ப்பு எலிகளிடமிருந்து மனிதருக்கு வரும் சியோல் வைரஸ் 2017இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரவியது. அது உயிருள்ள எலிகள் கைமாறி வந்த தொற்று.

இதுவரை பாம்பின் பக்கமே பேசினேன். எலியின் பக்கம் பேசினால் சிலர் சிரிப்பார்கள், அதனால் கடைசியில் வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அது சமமான விஷயம். எலி பயந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் எழுப்பும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அது கத்துகிறது, பெட்டியின் முன்னால் நிற்கிற நமக்குக் கேட்கவில்லை, அதனால் அது அமைதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செல்லுபடியாகும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முதுகெலும்புள்ள பிராணி எல்லாமே விலங்குதான். மனிதன் கட்டுப்பாட்டில் இருக்கிற எலிக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அதற்குத் தேவையில்லாத துன்பம் கொடுப்பது குற்றம். உயிர் இரை போடுவதைப் பெயர் சொல்லி அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தேவையில்லாத என்ற சொல் அங்கே இருக்கிறது. கடையில் உறைந்த எலி கிடைக்கும்போது உயிர் எலியின் துன்பம் தேவையானது என்று எப்படிச் சொல்வது? சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், உயிருள்ள இரையைக் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் மட்டுமே அனுமதிக்கிறது.

உறைந்த எலியும் ஒருநாள் உயிரோடு இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. அது செத்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. கரியமில வாயு செலுத்திக் கொல்வதுதான் பரவலான முறை. அதற்கும் ஒழுங்கு உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற கணக்கில் வாயுவை மெல்ல நிரப்பச் சொல்கிறது. அந்த முறையிலும் எலிக்கு அவதி உண்டா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். நிமிடக் கணக்கில் முடிகிற சாவும், பாம்பின் மூச்சு முகத்தில் பட ஒரு ராத்திரி முழுக்க மூலையில் ஒண்டிக் கிடப்பதும் ஒன்றாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிர் எலி போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் பாம்புக்காகப் போடுவதில்லை, பார்ப்பதற்காகப் போடுகிறார்கள். நண்பர்களைக் கூப்பிட்டு வைத்துப் போடுகிறார்கள். கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒருவர், பாம்பின் உதட்டுக் காயம் எப்படி வந்தது என்று காட்டுவதற்கு அந்தப் படத்தையே எடுத்துக் காட்டினார். பின்னணியில் சிரிப்புச் சத்தம். எலி பாம்பின் முகத்தில் தொங்குகிறது, சிரிப்பு கூடுகிறது. குழந்தைகளுக்கு வாழ்க்கையின் நிஜத்தைக் காட்டுகிறோம் என்கிறார்கள். தப்பிக்க முடியாத ஒன்றைப் பூட்டிவைத்து வேடிக்கை பார்க்கலாம் என்பதைத்தான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. பாம்புக்குச் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் செத்த எலியைப் பெட்டிக்குள் இழுத்து வாசனைத் தடம் போடுங்கள், கிளைமேல் வையுங்கள், தேடித் தின்னட்டும்.

போன வருடம் சென்னை போயிருந்தபோது, தெரிந்த ஒரு குடும்பத்தில் பால் பைதான் வளர்க்கிற இளைஞர் ஒருவரைப் பார்த்தேன். இந்தியாவில் சாரை, நாகம், மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. வைக்கவும் கூடாது. பால் பைதான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். இவர் பதிவெல்லாம் முறையாகச் செய்து, தாளைக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். உறைந்த எலி தன் பக்கத்தில் கிடைக்கவில்லை, கடையில் வெள்ளை எலி உயிரோடுதான் கிடைக்கிறது என்றார். அது நிஜமான கஷ்டம், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, "கிடைச்சாலும் வாங்க மாட்டேன்க்கா, செத்தது போட்டா பாம்பு பாம்பாவே இருக்காது" என்றார். கிடைக்காதது ஒரு பிரச்சினை. கிடைத்தாலும் வேண்டாம் என்பது வேறு. முதலாவதுக்கு வழி தேடலாம். வேதனையில்லாமல் கொன்று கொடுக்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்கலாம், வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து மொத்தமாக வரவழைக்கலாம். பாம்பை வாங்குவதற்கு முன்னாலேயே அதன் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். நாய்க்குட்டி வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்கிறோம் அல்லவா?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. முட்டையிலிருந்து வந்த சில குஞ்சுகள் முதல் ஒன்றிரண்டு தடவை அசையாத எதையும் தொடாது. காட்டில் பிடித்து விற்கப்பட்ட பாம்புகள் சில பட்டினி கிடந்தே செத்துப்போகும். அப்படிப்பட்ட பாம்பு எங்கள் மருத்துவமனைக்கு வந்தால், இளக்கிய எலி, வேறு வாசனை தடவிய எலி, இருட்டில் மூடிய பெட்டி என்று எல்லாம் பார்த்த பிறகு, கடைசியில் மருத்துவர் சொன்னால் மட்டும், கண் திறக்காத குட்டியாகப் பார்த்து, ஒருவர் கண்ணெடுக்காமல் பக்கத்தில் இருந்து கொடுப்போம். கண் திறக்காத குட்டி கடிக்காது. வளர்ந்த எலியைப் போட்டுவிட்டு விளக்கணைத்துத் தூங்கப் போவதற்கு இந்த விதிவிலக்கைச் சாக்காகக் காட்டாதீர்கள்.

அந்தப் பையனின் பாம்பு பிழைத்தது. மயக்கம் கொடுத்துச் செத்த சதையை வெட்டி எடுத்தார் மருத்துவர். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஊசி, தினமும் காயத்தைக் கழுவி வெள்ளி கலந்த களிம்பு. மரத்தூளை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டுமேல் படுக்க வைத்தோம். ஆறாவது வாரம் முதல் சாப்பாடு கொடுத்துப் பார்க்கலாம் என்றபோது அவன் தலையை ஆட்டினான். "இது செத்ததைத் தின்னாது அக்கா." நான் ஒன்றும் சொல்லவில்லை. அறையின் விளக்கைக் குறைத்து, சூடேற்றிய சின்ன எலியை இடுக்கியில் பிடித்து அவன் கையில் கொடுத்தேன். முதல் தடவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாலு நாள் கழித்தும் அதே. மூன்றாவது தடவை அவன் கை நடுங்கியது, அந்த நடுக்கமே எலியை வேண்டிய அளவுக்கு அசைத்தது. பாய்ந்து பிடித்தது. "எடுத்திட்டுது அக்கா" என்று கிசுகிசுத்தான். எலி முழுசாக உள்ளே போகும்வரை இடுக்கியைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

காயம் மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது செதில் இல்லை, கறுத்து வழவழப்பான தழும்பு. பாம்பு தோலுரிக்கும்போதெல்லாம் மற்ற இடத்துத் தோல் காலுறை கழற்றுவதுபோலக் கழன்று வரும், தழும்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவன் ஈரத்துணியை வெதுவெதுப்பாக நனைத்து அந்த இடத்தில் சுற்றி, அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ராயல் பைதான் முப்பது வருடம்கூட உயிரோடு இருக்கும்.